மொலக்காய்த் தீவின் பாக்கியவான்

உலகத்தில் சந்தோஷத்தை விரும்பாதவர் யார்? நல்ல வீடு, கை நிறையப் பணம், நோயில்லாத உடம்பு, ஊராரின் மதிப்பு, இவை எல்லாம் இருந்தால் சந்தோஷம் என்று நினைக்கிறோம். இவற்றில் எதுவும் இல்லாத ஒருவர், பாதிரிமார்களிலேயே மிகவும் சந்தோஷமானவர் தாம்தான் என்று கடிதம் எழுதினார். அதை எழுதியபோது அவருடைய உடம்பில் தொழுநோய் பரவிக்கொண்டிருந்தது!

அவர்தான் தமியான் பாதிரியார்.

அண்ணனுக்குப் பதில் தம்பி

பெல்ஜியம் நாட்டில் திரெமெலோ என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1840-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப். தமது தானிய வியாபாரத்தை இந்தப் பிள்ளை பார்த்துக்கொள்வான் என்று தகப்பனார் எண்ணியிருந்தார். பிள்ளையோ அண்ணனைப் போலத் துறவு மடத்தில் சேர்ந்துவிட்டார். அங்கே அவருக்குத் தமியான் என்று பெயரிட்டார்கள்.

பசிபிக் மகாசமுத்திரத்தில் உள்ள ஹவாய்த் தீவுகளுக்குப் போக அண்ணன் ஏற்பாடு செய்திருந்தார். புறப்படும் சமயத்தில் கடும் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாகத் தம்பி கப்பல் ஏறினார். 1864-ம் ஆண்டு மார்ச் 19-ந் தேதி ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கினார். அதே ஆண்டு மே மாதம் குருப்பட்டம் பெற்றார். ஒன்பது ஆண்டுகள் பெரிய தீவில் ஊர் ஊராக நடந்து ஊழியம் செய்தார்.

திரும்பாத பயணம்

அக்காலத்தில் ஹவாய் ஒரு தனி ராஜ்யம். அங்கே தொழுநோய் வேகமாகப் பரவியது. அதற்கு மருந்து கிடையாது. நோயாளிகளைப் பிரித்து வைக்க 1865-ல் ஒரு சட்டம் வந்தது. மறு ஆண்டு முதல் அவர்களை மொலக்காய்த் தீவின் ஒரு மூலைக்கு அனுப்பினார்கள். மூன்று பக்கம் கடல். நாலாவது பக்கம் சுமார் 2,000 அடி உயரமுள்ள செங்குத்தான மலை. தாயிடமிருந்து பிள்ளையையும் மனைவியிடமிருந்து கணவனையும் பிரித்துக் கப்பலில் ஏற்றினார்கள். போனவர் திரும்புவதில்லை.

அங்கே நிலையாகத் தங்கிப் பணிபுரிய ஒரு குரு இல்லை. 1873-ல் ஆயர் இதைச் சொல்லி வருந்தினார். ஒருவரையே அங்கே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. நான்கு குருமார் முறை வைத்துப் போவதாக முன்வந்தார்கள். முதல் முறை தமியானுடையது. மே 10-ந் தேதி அவர் கரை இறங்கினார். வயது 33. முறை முடிந்ததும் அவர் திரும்பவில்லை. அங்கேயே இருக்க அனுமதி கேட்டுப் பெற்றார்.

தாழை மரத்தடியில்

தங்க வீடு இல்லை. முதல் சில நாட்கள் ஒரு தாழை மரத்தின் அடியில் படுத்தார். புண்களின் நாற்றத்தைப் பொறுக்க முடியவில்லை. அதைச் சமாளிக்கப் புகைக்குழாய் பிடிக்கப் பழகினார். ஆனால் நோயாளிகளை விட்டு விலகி நிற்கவில்லை. அவர்களுடைய புண்களைக் கழுவிக் கட்டினார். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

அவர் நல்ல தச்சர். நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு வீடுகள் கட்டினார். கோயிலைப் பெரிதாக்கினார். தூரத்து நீரூற்றிலிருந்து குழாய் வழியே ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார். பாட்டுக் குழுவும் வாத்தியக் குழுவும் சேர்த்தார். இறந்தவர்களுக்குச் சவப்பெட்டி செய்து, குழி வெட்டி, மரியாதையுடன் அடக்கம் செய்தார். சாவை மட்டுமே எதிர்பார்த்திருந்த இடத்தில் தோட்டம் போட்டார்கள்; திருநாள் கொண்டாடினார்கள்.

பிரசங்கம் செய்யும்போது நோயாளிகளாகிய நீங்கள் என்று அவர் சொல்வதில்லை. நோயாளிகளாகிய நாம் என்றே சொல்வார். உடம்பில் நோய் இல்லாத நாளிலேயே அப்படிச் சொன்னார்.

கொதிநீர் சொன்ன செய்தி

1884 டிசம்பரில் ஒரு நாள் கொதிக்கும் நீரில் கால் வைத்தார். தோல் வெந்தது. ஆனால் வலி தெரியவில்லை! தொழுநோய் வந்துவிட்டது என்று அப்போதே அவருக்குப் புரிந்தது. பிறகு மருத்துவரும் அதை உறுதி செய்தார். சந்தோஷமானவர் என்று அவர் தம்மைப் பற்றி எழுதியது இதற்குப் பிறகுதான்.

அப்படியானால் அவருக்குத் துக்கமே இல்லையா? இருந்தது. மேலதிகாரிகளோடு மனவருத்தம் இருந்தது. பிடிவாதக்காரர் என்ற பெயரும் இருந்தது. எல்லாவற்றையும்விடத் தனிமை அவரை வாட்டியது. கத்தோலிக்கக் குரு தம் பாவங்களை மற்றொரு குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டும். ஒரு முறை ஒரு குரு கப்பலில் வந்தார். அவரை இறங்க விடவில்லை. தமியானையும் ஏற விடவில்லை. தமியான் சிறு படகில் நின்றபடியே, மேலே கப்பலில் இருந்த குருவுக்குக் கேட்கும்படி தம் பாவங்களை உரத்த குரலில் சொன்னார்!

எது பாக்கியம்?

இயேசுநாதர் மலைமேல் அமர்ந்து செய்த பிரசங்கம் கிறிஸ்தவர்களுக்கு முக்கியமானது. அதில் அவர் பணக்காரரையும் பலசாலியையும் பாக்கியவான்கள் என்று சொல்லவில்லை. மனத்தாழ்மை உள்ளவர், துயரப்படுகிறவர், இரக்கம் காட்டுகிறவர், சமாதானம் செய்கிறவர் போன்றவர்களையே அப்படிச் சொன்னார்.

துன்பம் நல்லது என்பதல்ல இதன் பொருள். துன்பப்படுகிறவர்களின் பக்கம் கடவுள் இருக்கிறார் என்பதே பொருள். அவர்களோடு போய் நிற்பவனுக்கும் அந்தப் பாக்கியத்தில் பங்கு உண்டு. தமியான் இதை நம்பினார். அதனால் கண்ணீரும் சந்தோஷமும் அவருடைய நெஞ்சில் ஒன்றாக இருக்க முடிந்தது.

கடைசி நாட்களில் அவருக்குத் துணை கிடைத்தது. 1886-ல் ஜோசப் டட்டன் என்பவர் உதவிக்கு வந்தார். 1888-ல் மரியான் என்ற கன்னிகாஸ்திரி வந்தார். தம் மக்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்ற நிம்மதியுடன், 1889-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி தமியான் கண்மூடினார். வயது 49. முதலில் படுத்துறங்கிய அதே தாழை மரத்தடியில் அவரை அடக்கம் செய்தார்கள்.

கை மட்டும் திரும்பியது

1936-ல் அவருடைய உடலைப் பெல்ஜியத்துக்குக் கொண்டுபோனார்கள். தங்கள் பாதிரியாரை அனுப்ப மொலக்காய் மக்களுக்கு மனமே இல்லை. 1995-ல் அவருடைய வலது கையை மட்டும் திரும்பக் கொண்டுவந்து பழைய கல்லறையில் வைத்தார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்ட கை. வீடு கட்டிய கை. 2009-ல் போப்பாண்டவர் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

தொழுநோயை இன்று மாத்திரைகளாலேயே குணப்படுத்தலாம். தமியான் பிறந்த பெல்ஜியத்திலிருந்து மருத்துவர்கள் நம் செங்கல்பட்டுப் பகுதியில் உள்ள பொலம்பாக்கத்துக்கு வந்து, 1955 முதல் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார்கள்.

நோய்க்கு மருந்து வந்துவிட்டது. ஆனால் நோயாளியைக் கண்டு முகம் திருப்பும் வழக்கம் இன்னும் முழுவதும் போகவில்லை. நம் தெருவிலும் ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கலாம். அவர் பக்கத்தில் போய் நாமும் சற்று உட்காரலாமே!