மன்றம் கண்ட இளம் ஆசான் டெரோசியோ

முன்னுரை

கல்லூரி என்பது பாடம் கேட்டுத் தேர்வெழுதிப் பட்டம் பெறும் இடம் மட்டுமன்று. பாடவேளை முடிந்த பின்னர் மாணவரும் ஆசிரியரும் ஓரிடத்தில் அமர்ந்து, ஒரு பொருள் பற்றிக் கட்டுரை படித்து, வினா எழுப்பி, மறுத்துரைத்து, தெளிவு பெறும் இடமும் அதுவே ஆகும். கருத்தரங்கு, பயிலரங்கு, பட்டிமன்றம், மன்றக் கூட்டம் என்று நாம் பல பெயர்களால் வழங்குவன எல்லாம் இந்த ஒரு நோக்கத்தின் கிளைகளே. பல்வேறு சமயத்தாரும் பட்டிமண்டபம் ஏறித் தத்தம் கொள்கையை எடுத்துரைக்குமாறும், பகைமையும் சினமும் அங்கு வேண்டா என்றும் அறிவித்த செய்தியை மணிமேகலையில் காண்கிறோம். எனவே சொல்லாடும் மன்றம் தமிழர்க்குப் புதியதன்று.

எனினும், இந்நிகழ்ச்சிகளை ஆண்டுதோறும் நடத்தும் நாம் மேடையும் மாலையும் வரவேற்புரையும் நன்றியுரையும் செவ்வனே அமைந்தனவா என்று பார்க்கும் அளவிற்கு, மாணவன் ஒருவன் எழுந்து தன் உள்ளத்து ஐயத்தைக் கேட்க அங்கு இடம் இருந்ததா என்று பார்ப்பதில்லை. அந்த இடத்தை உண்டாக்கியதற்காகவே தம் பணியை இழந்த ஆசிரியர் ஒருவர் கல்கத்தாவில் வாழ்ந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளே மண்ணில் வாழ்ந்த ஹென்றி லூயி விவியன் டெரோசியோவே அவர். அவர்தம் வாழ்வையும் அவர் கண்ட மன்றத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

தோற்றமும் கல்வியும்

டெரோசியோ 1809ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் போர்ச்சுகீசிய வழிவந்த கலப்பினக் குடும்பத்தினர், அன்னையார் ஆங்கிலேயர். அக்காலத்தில் இக்கலப்பினத்தார் ஆங்கிலேயராலும் முழுமையாக ஏற்கப்படாமல், இந்தியராலும் தம்மவராகக் கருதப்படாமல் இடைநின்றனர். ஆயினும் டெரோசியோ தம்மை இந்நாட்டின் மகனாகவே கருதினார். இந்தியாவைத் தாய்நாடாகப் போற்றி ஆங்கிலத்தில் கவிதை பாடிய முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

தருமதலா என்னும் பகுதியில் டேவிட் டிரம்மண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நடத்திய பள்ளியில் அவர் பயின்றார். ஐரோப்பியர், கலப்பினத்தார், இந்தியர் ஆகிய மூவகைச் சிறுவரும் ஒரே பலகையில் அமர்ந்து கற்ற பள்ளி அது. டிரம்மண்ட் எதனையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்னும் கொள்கையர். மாணவர் நாடகம் நடித்தலும் கவிதை ஒப்புவித்தலும் அப்பள்ளியின் கல்விமுறையில் இடம்பெற்றன. பாடநூலுக்கு வெளியே நடைபெறும் நிகழ்ச்சிகள் ஓர் இளம் உள்ளத்தை எவ்வாறு மலரச் செய்யும் என்பதை டெரோசியோ இங்கேதான் தம் அனுபவத்தால் உணர்ந்தார் எனலாம்.

பதினான்காம் அகவையில் பள்ளிப்படிப்பு முடிவுற்றது. சிறிது காலம் கல்கத்தாவில் எழுத்தர் பணி; பின்னர்ப் பாகல்பூரில் உறவினரின் அவுரித் தோட்டத்தில் பணி. கங்கைக் கரையின் தனிமை அவரைக் கவிஞராக்கியது. அங்கிருந்து அவர் அனுப்பிய கவிதைகள் கல்கத்தா இதழில் வெளிவந்தன. முதற் கவிதைத் தொகுதி 1827இல் வெளியாயிற்று. கங்கையின் நடுவே ஜங்கீராப் பாறையில் வாழ்ந்த பக்கீர் ஒருவரைப் பற்றிய நெடுங்கவிதை 1828இல் வந்தது.

இந்துக் கல்லூரியில்

கல்கத்தாவில் 1817ஆம் ஆண்டு இந்துக் கல்லூரி தொடங்கப் பெற்றது. நகரத்துச் செல்வரும் அறிஞரும் தம் பிள்ளைகள் மேலைநாட்டு அறிவைப் பெற வேண்டும் என விரும்பி நிறுவியது அது. கடிகாரத் தொழிலராக இந்தியாவிற்கு வந்து கல்வித் தொண்டராக மாறிய டேவிட் ஹேர் அதன் தோற்றத்திற்குத் துணைநின்றார். இக்கல்லூரியில் 1826ஆம் ஆண்டு டெரோசியோ ஆங்கில இலக்கியமும் வரலாறும் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். அப்போது அவர்க்கு வயது பதினேழு. அவரைச் சூழ்ந்த இளைஞருள் ஒருவரான கிருஷ்ண மோகன் பானர்ஜி 1813இல் பிறந்தவர். இருவர்க்கும் இடையே நான்கே ஆண்டு வேறுபாடு என்பது கருதத்தக்கது.

வயதின் நெருக்கம் உறவின் நெருக்கமாயிற்று. வகுப்பு முடிந்த பின்னரும் மாணவர் அவரை விட்டு அகலவில்லை. அவர்தம் இல்லத்திற்கும் சென்று உரையாடினர். இந்த உரையாடலுக்கு ஓர் ஒழுங்கும் அமைப்பும் தருதல் வேண்டும் என்று அவர் கருதியதன் விளைவே அகாடமிக் அசோசியேஷன் என்னும் கல்விக் கழகம்.

கழகம் நடந்த முறை

1828ஆம் ஆண்டில் தோன்றிய இக்கழகம் மாணிக்தலா என்னும் இடத்தில், கல்லூரி மேலாளருள் ஒருவராகிய ஸ்ரீகிருஷ்ண சிங்கரின் தோட்ட இல்லத்தில் கூடியது. தலைமையிருக்கை டெரோசியோவினுடையது, சொற்பொழிவு மாணவருடையது. ஆசிரியர் பேச மாணவர் கேட்பது வகுப்பறை. மாணவர் பேச ஆசிரியர் கேட்பது மன்றம். இவ்வேறுபாட்டை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஊழா முயற்சியா, அறம் எது மறம் எது, நாட்டுப்பற்று என்பது யாது, இறைவன் உண்மைக்குச் சான்று யாது, உருவ வழிபாடு தக்கதா என்பன போன்ற பெரும்பொருள்களை மாணவர் எடுத்துக்கொண்டு ஒட்டியும் வெட்டியும் வாதிட்டனர்.

அவர்தம் முறையில் நாம் கற்க வேண்டிய சிறப்பு ஒன்று உண்டு. எப்பொருளுக்கும் இருபக்க வாதங்களையும் மாணவர்முன் வைப்பதே அது. இறைவன் உண்மையை ஐயுற்ற ஹியூமின் வாதங்களை அவர் மாணவர்க்கு எடுத்துரைத்தார். அவ்வளவில் நில்லாது, ஹியூமுக்கு மறுப்புரைத்த ரீடு, டுகால்டு ஸ்டுவர்ட் ஆகியோரின் விடைகளையும் உடன் எடுத்துரைத்தார். ஒரு பக்கத்தை மட்டும் காட்டி மறுபக்கத்தை மறைப்பது கல்வியாகாது என்பது அவர் துணிபு. முடிவு மாணவனுடையதாக இருத்தல் வேண்டும். அம்முடிவிற்கு வரும் வழியைக் காட்டுவதே ஆசிரியன் கடமை என அவர் கொண்டார்.

இளைஞர் கூட்டம்தானே என்று பெரியோர் இதனைப் புறக்கணிக்கவில்லை. டேவிட் ஹேர் வந்து மாணவர் பேச்சைக் கேட்பது வழக்கம். உயர்நீதிபதி எட்வர்டு ரயன், பிஷப் கல்லூரி முதல்வர் மில் போன்றோரும் வந்து அமர்ந்தனர். பேசுவோர்க்குப் பதினைந்து பதினாறு வயது. கேட்போர் நகரத்துச் சான்றோர். தம் சொல்லையும் செவிமடுப்பார் உளர் என்ற உணர்வைக் காட்டிலும் ஒரு மாணவனை உயர்த்துவது வேறு யாது? கழகத்தின் எழுச்சியால் 1830இல் பார்த்தினான் என்னும் இதழ் ஒன்றும் வெளிவந்தது. ஆயினும் அதன் முதல் இதழ் கண்டு கலங்கிய கல்லூரி மேலாளர், அடுத்த இதழ் வெளிவராமல் தடுத்துவிட்டனர்.

எதிர்ப்பும் பதவி விலகலும்

மன்றத்தில் எழுந்த வினாக்கள் இல்லங்களிலும் ஒலிக்கத் தொடங்கின. பிள்ளைகள் சடங்குகளை மறுத்தனர். முன்னோர் வழக்கங்களை எள்ளினர். பெற்றோர் அஞ்சினர். சிலர் தம் மக்களைக் கல்லூரியினின்றும் விலக்கிக்கொண்டனர். இளைஞர் சிலர் வரம்பு கடந்தனர் என்பதையும் நாம் மறைத்தல் தகாது. வினா எழுப்புதல் வேறு. பிறர் நம்பிக்கையை இழிவுசெய்தல் வேறு. முன்னது அறிவின் செயல். பின்னது செருக்கின் செயல். மணிமேகலை விலக்கிய சினமும் பகைமையும் இக்கல்கத்தா இளைஞர் சிலரிடம் தலைதூக்கின.

சமயமும் அரசியலும் பேசப்படும் கழகங்களுக்கு மாணவர் செல்லலாகாது என மேலாளர் ஆணையிட்டனர். ஆணையால் எண்ணம் அடங்கவில்லை. ஆசிரியரைப் பற்றிய வதந்திகளே பெருகின. இறைவன் இல்லை என்று அவர் போதிக்கிறார் என்றும், பெற்றோர்க்குப் பணிய வேண்டுவதில்லை என்று கூறுகிறார் என்றும், உடன்பிறந்தார் மணத்தைத் தவறன்று என்கிறார் என்றும் ஊர் பேசியது.

1831ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் மேலாண்மைக் குழு கூடியது. டெரோசியோ ஆசிரியராக இருக்கத் தகுதியற்றவர் என்று கொள்ளச் சான்று உண்டா என்னும் வினா முதலில் எழுந்தது. இல்லை என்பதே பெரும்பான்மையோர் கருத்தாயிற்று. அதன் பின்னர், ஊரார் மனநிலையைக் கருதி அவரை விலக்குவது தக்கதா என்ற வினாவை எழுப்பினர். விலக்குவதே தக்கது எனப் பெரும்பான்மையோர் முடிவுசெய்தனர். இது இந்துப் பெருமக்களின் உணர்வைப் பொறுத்தது என்று கூறி ஹேரும் வில்சனும் வாக்களியாது விலகி நின்றனர். தோட்ட இல்லத்தைக் கழகத்திற்கு அளித்த ஸ்ரீகிருஷ்ண சிங்கர் மட்டும் அதற்கு இசையவில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, குற்றம் சாட்டப்பட்டவர் அழைக்கப்படவும் இல்லை. ஆயினும் தண்டனை உறுதியாயிற்று. இருபக்கமும் கேட்க வேண்டும் என்று மாணவர்க்குக் கற்பித்த ஆசிரியரின் பக்கத்தைக் கேட்பார் எவரும் இலர்.

ஏப்ரல் 25ஆம் நாள் அவர் பதவி விலகினார். தம்மை விசாரியாமலே முடிவுசெய்ததை மட்டும் மடலில் பதிவுசெய்தார். வதந்திகள் பற்றி வில்சன் தனியே கேட்டெழுதியபோது ஒவ்வொன்றிற்கும் நிதானமாக விடையளித்தார். இறைவன் உண்மை பற்றி இருபக்க வாதங்களையும் கற்பித்ததை ஒளியாது கூறினார். ஏனைய இரண்டையும் மறுத்தார். தந்தையாரின் கடுமை தாங்காது இல்லத்தை விட்டு வெளியேற எண்ணிய தட்சிணரஞ்சன் முகர்ஜியைத் தாமே தடுத்து நிறுத்தியதைச் சான்றாகக் காட்டினார். பெற்றோர்க்கு எதிராக மாணவரைத் தூண்டியவர் என்று தூற்றப்பட்டவரின் உண்மை நிலை இதுவேயாகும்.

இறுதி நாள்கள்

கல்லூரியை விட்டு நீங்கிய டெரோசியோ ஓய்ந்திருக்கவில்லை. தம் இனத்தாரின் உரிமைக்காக ஈஸ்ட் இண்டியன் என்னும் இதழை நடத்தினார். அவர்தம் மாணவர்களும் அவ்வாண்டிலேயே இதழ்கள் தொடங்கினர்: கிருஷ்ண மோகன் என்கொயரர் இதழையும், தட்சிணரஞ்சனும் ரசிக் கிருஷ்ண மல்லிக்கும் ஞானான்வேஷன் இதழையும் கண்டனர். ஆண்டின் இறுதியில் டெரோசியோவை வாந்திபேதி பற்றியது. 1831 டிசம்பர் 26ஆம் நாள் அவர் மறைந்தார். கல்கத்தாவின் தெற்குப் பூங்காத் தெருக் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கிறார்.

மன்றத்தின் பயன்

ஆசிரியர் மறைந்தார், மன்றம் மறையவில்லை. டேவிட் ஹேரின் தலைமையில் கழகம் சில ஆண்டுகள் தொடர்ந்தது. 1838ஆம் ஆண்டில் அம்மாணவர்களே பொது அறிவு ஈட்டும் கழகம் ஒன்றை நிறுவிக் கட்டுரைகள் படித்து வந்தனர். 1843 பிப்ரவரி 8ஆம் நாள் கல்லூரி மண்டபத்தில் கூடிய அதன் கூட்டத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றங்களும் காவல்துறையும் இருந்த நிலை குறித்துத் தட்சிணரஞ்சன் கட்டுரை படித்தார். முதல்வர் ரிச்சர்ட்சன் இடைமறித்து, இது அரச நிந்தனை என்று கூறித் தடுத்தார். தலைமையேற்றிருந்த தாராசந்த் சக்கரவர்த்தி பணியவில்லை. அவையின் ஒழுங்கைக் குலைத்த சொல்லைத் திரும்பப் பெறுமாறு முதல்வரையே வேண்டினார். பின்னர்க் கழகம் வேறிடத்திற்குச் சென்று கூடியது. அன்று இல்லத்தை விட்டு ஓட எண்ணிய சிறுவன் இன்று ஆட்சியின் குறையை அவையில் எடுத்துரைக்கும் துணிவு பெற்றான். இது டெரோசியோ வளர்த்த மன்றத்தின் கொடையன்றோ?

அம்மாணவர் வரிசை நீண்டது. ராதாநாத் சிக்தார் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணித்த பணியில் பெரும்பங்கு கொண்டார். பியாரி சந்த் மித்ரா பேச்சுவழக்கு வங்காளத்தில் புதினம் படைத்து 1858இல் நூலாக வெளியிட்டார். ராம்கோபால் கோஷ் சிறந்த நாவலராகத் திகழ்ந்தார். ராம்தனு லாகிரி நல்லாசிரியராகப் புகழ்பெற்றார். இந்துக் கல்லூரி 1855இல் மாநிலக் கல்லூரியாகி, 2010இல் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தது. அவரை விலக்கிய நிறுவனத்தின் வழிவந்த அவ்வளாகத்தில் இன்று டெரோசியோ பெயரால் மண்டபம் ஒன்று விளங்குகிறது.

நிறைவுரை

டெரோசியோ கல்லூரியில் பணியாற்றியது ஐந்தாண்டுக் காலமே. அவர் நடத்திய கூட்டங்களுக்கு அலங்கார மேடை இல்லை. ஒரு தோட்ட வீடே போதுமானதாக இருந்தது. மாணவன் அஞ்சாது பேசினான். ஆசிரியர் பொறுமையுடன் கேட்டார். மறுபக்கமும் மறவாது எடுத்துரைக்கப்பட்டது. இம்மூன்றும் அமைந்தால் சிறு வகுப்பறையும் மன்றமாகும். இவை இல்லையேல் பெரிய அரங்கமும் வெறும் பந்தலே. கல்லூரி நிகழ்ச்சிகளை நடத்தும் ஆசிரியப் பெருமக்களும் அவற்றில் பங்குகொள்ளும் மாணவச் செல்வங்களும் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக. சினமின்றி வினவுவோம், அச்சமின்றி விடை தேடுவோம்.