தலைசுற்றலை ஆராய்ந்த மேதை: ராபர்ட் பாரனி

தட்டாமாலை சுற்றி விளையாடியிருக்கிறீர்களா? சட்டென்று நின்றால் பள்ளிக்கூடமே சுத்துற மாதிரி இருக்கும். அந்த நேரம் நம்ம நண்பனின் கண்ணைக் கவனித்தால், கருவிழி பக்கவாட்டில் துள்ளுவது தெரியும். நாம் சிரிச்சிட்டுப் போயிடுவோம். அந்தத் துள்ளலை வைத்தே நோயைக் கண்டறிய வழிகாட்டியவர் ராபர்ட் பாரனி.

இவர் 1876 ஏப்ரல் 22 அன்று ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். சின்ன வயசிலேயே எலும்பில் காசநோய் தாக்கியதால் ஒரு முழங்கால் விறைத்துப்போனது. அதற்காக அவர் மூலையில் உட்காரவில்லை. டென்னிஸ் ஆடினார், மலை ஏறினார். 1900-இல் மருத்துவப் பட்டமும் பெற்றார்.

பிறகு வியன்னாவின் காது மருத்துவமனையில் சேர்ந்தார். நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீச்சிக் கழுவுவது அவர் வேலைகளில் ஒன்று. சிலருக்கு அப்போது தலை சுற்றியது, கண்ணும் துள்ளியது. தண்ணீர் சூடு போதாததால்தான் தலை சுற்றுகிறது என்றார் ஒரு நோயாளி. இன்னொருவருக்கு ரொம்ப சூடான தண்ணீரை விட்டபோதும் தலை சுற்றியது. ஆனால் கண் துள்ளியது எதிர்ப்பக்கம்! உடல் சூட்டுக்குச் சமமான தண்ணீர் விட்டால் ஒன்றும் ஆகவில்லை.

ஏன் அப்படி? நம் உள்காதில் பக்கத்துக்கு மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. அவற்றில் ஒரு திரவம் இருக்கிறது. அடுப்பில் வைத்த தண்ணீர் மாதிரி, சூடு பட்டால் திரவம் மேலே எழும்பும், குளிர்ந்தால் கீழே இறங்கும். தலை திரும்புதுன்னு மூளை ஏமாந்துவிடும். கண்ணும் துள்ளும். தண்ணீர் விட்டும் கண் அசையவில்லை என்றால், அந்தக் காதின் சமநிலை உறுப்போ அதன் நரம்போ பழுதாகியிருக்கலாம். சுழல் நாற்காலிச் சோதனையையும், கண்ணை மூடிக்கொண்டு விரலால் குறியைத் தொடும் சோதனையையும் அவர் வகுத்தார். சிறுமூளைக் கோளாறை அறிய இரண்டாவது உதவியது.

முதல் உலகப்போர் வந்தது. கால் ஊனத்தோடு ராணுவ மருத்துவராகப் போன பாரனி, 1915-இல் ரஷ்யர்களிடம் கைதியானார். இன்றைய துருக்மெனிஸ்தானில் உள்ள மெர்வ் முகாமில் அடைத்தார்கள். அங்கே இருக்கும்போதுதான், 1914-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்கென்ற செய்தி வந்தது. பரிசு பெற்றவரோ சிறையில்! சுவீடன் இளவரசர் கார்ல், செஞ்சிலுவைச் சங்கம் மூலம் எடுத்த முயற்சியால் 1916-இல் விடுதலையானார்.

ஆசையோடு ஊர் திரும்பினால், மாலை மரியாதை கிடைக்கவில்லை. முன்னோடிகளின் உழைப்பை அவர் சரியாகக் குறிப்பிடவில்லை என்று உடன் பணியாற்றியவர்களே குற்றம் சாட்டினார்கள். மனம் நொந்து 1917-இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அங்கே ஆராய்ச்சியைத் தொடர்ந்தவர், 1936 ஏப்ரல் 8 அன்று காலமானார். அறுபது வயது நிறைய இரண்டே வாரம் பாக்கி.

இன்றும் மருத்துவமனைகளில் 30 டிகிரி, 44 டிகிரி தண்ணீரை வைத்து இந்தச் சோதனை செய்கிறார்கள். (நீங்களா காதில் தண்ணீர் ஊத்திப் பார்க்காதீங்க, அது டாக்டர் வேலை!)

நோயாளி சொன்ன சின்னக் குறையைக்கூட அவர் காது கொடுத்துக் கேட்டார், பெரிய உண்மை கிடைத்தது. நாமும் கேட்கப் பழகுவோம்!