வெள்ளம் வடிந்த பின்னும் நடுங்கிய நாய்கள்

1924ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி, பின்லாந்து வளைகுடாவில் எழுந்த புயற்காற்று கடல்நீரை நேவா ஆற்றுக்குள் தள்ளியதில் லெனின்கிராட் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. அங்கிருந்த இவான் பாவ்லோவின் ஆய்வுகூட நாய்கள் கூடுகளுக்குள் அடைபட்டிருந்தன. ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது அவை கூட்டின் மேற்பகுதியில் மூக்கு முட்ட நீந்திக்கொண்டிருந்தன. கதவுகளோ கீழே, தண்ணீருக்குள். ஒவ்வொரு நாயையும் முதலில் நீருக்குள் அமிழ்த்தித்தான் வெளியே இழுக்க முடிந்தது.

நாய்கள் பிழைத்தன. ஆனால் சிலவற்றுக்குப் பல மாதங்களாகப் பழக்கியிருந்ததெல்லாம் அழிந்துபோயிருந்தது. ஒரு நாய் ஆய்வறையில் உணவைக்கூடத் தொடவில்லை. பழகிய ஆய்வாளர் ஒருவர் அறைக்குள் கூட இருந்தபோது அது மெல்ல மெல்லத் தேறியது. தேறிய பிறகு கதவிடுக்கால் கொஞ்சம் தண்ணீர் கசிய விட்டுப் பார்த்தார்கள். நாய் பதறியது, கற்றதெல்லாம் மறுபடியும் போயிற்று.

இதைப் புரிந்துகொள்ள எமது கரைக்கு விளக்கம் தேவையில்லை. 2004 டிசெம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் அலை இரைச்சல் சற்றுக் கூடினாலே எழுந்து வாசலுக்கு வருகிறவர்கள் அதன் பின் எத்தனை பேர். அதற்கு முன்னரே வெடிச்சத்தம் கேட்டால் நிலத்தில் படுக்கப் பழகியவர்கள் நாங்கள். அப்படிப் பதறும் மனிதரை யாரும் தடியால் அடித்துத் திருத்த நினைப்பதில்லை. அதே காரணத்தால் பதறும் நாய்க்கு மட்டும் தடிதான் முதல் மருந்தாக இருக்கிறது. பாவ்லோவைப் பற்றி எழுத நான் எண்ணியது அதனால்தான்.

அவர் 1849இல் ரியாசான் என்ற ரஷ்ய நகரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதில் உயரத்திலிருந்து விழுந்து அடிபட்டதால் பதினொரு வயதில்தான் பள்ளிக்கூடம் போனார். தகப்பனைப் போல மதகுருவாகவே படித்தார். டார்வினையும் செச்செனோவையும் வாசித்த பிறகு மனம் மாறி, 1870இல் சென் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். பின்னர் மருத்துவமும் படித்தார். உணவு சமிபாடு பற்றிய ஆய்வுக்காக 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் ரஷ்யர் அவர்.

அவரை நாய்களின் நண்பன் என்று நான் சொல்லமாட்டேன். உமிழ்நீரையும் இரைப்பைச் சாற்றையும் அளப்பதற்காக நாய்களின் உடலில் துளையிட்டுக் குழாய் பொருத்தியவர் அவர். எத்தனையோ நாய்கள் அந்த மேசைகளில் செத்தன. இருந்தாலும், வேதனையில் துடிக்கும் விலங்கிடம் உண்மையான விடை வராது என்பதை அவர் உணர்ந்திருந்தார். மனிதருக்குச் செய்வதைப் போல சுத்தமாகச் சத்திரசிகிச்சை செய்து, நாயைத் தேற்றி, நீண்ட காலம் உயிரோடு வைத்துக்கொண்டுதான் ஆய்வு செய்தார்.

சமிபாட்டை ஆராய்ந்தபோதே மற்றக் கண்டுபிடிப்பும் வந்தது. உணவு வாய்க்கு வரும் முன்பே, அதைக் கொண்டுவரும் ஆளைக் கண்டதும் நாய்க்கு உமிழ்நீர் சுரந்தது. மணியடித்தார் என்றே பாடப்புத்தகங்களில் படித்தோம். அவர் அதிகம் பாவித்தது மணியை அல்ல. தாளக்கருவி, மின்சார ஒலிப்பான், வெளிச்சம், தோலில் மெல்லிய தொடுகை போன்றவற்றை. எதுவாயினும், உணவுக்குச் சற்று முன்னால் வந்தால் அது உணவின் அடையாளமாகிவிடும். உணவுக்குப் பிந்தி வந்தால் அதில் பெரிய பயனில்லை.

இந்த முன்பின் கணக்கு வீட்டில் எவ்வளவு பிழைக்கிறது என்று பாருங்கள். காலையில் செருப்பைக் கடித்த நாய்க்குப் பின்னேரம் அடி விழுகிறது. நாய்க்கு அடிக்கும் செருப்புக்கும் தொடர்பு தெரியாது. வீட்டுக்காரர் படலையைத் திறந்து வருவதற்கும் அடிக்கும்தான் தொடர்பு தெரியும். அடுத்த நாள் அது காதை மடித்துப் பதுங்கினால், குற்றம் செய்தது அதற்கே தெரியும் என்கிறோம். அது கண்டது எங்கள் முகத்தை.

அடையாளத்தைத் தொடர்ந்து காட்டி உணவு கொடுக்காமல் விட்டால் பழக்கம் மெல்ல அணைந்துபோவதையும் அவர் கண்டார். சாப்பிடும்போது குரைத்துக் கேட்கும் நாய்க்கு இதுவே வழி. வீட்டில் ஒருவரும் கொடுக்கக்கூடாது. அமைதியாக இருக்கும்போது மட்டும், அதன் பாத்திரத்தில் வைக்க வேண்டும். அணைந்த பழக்கம் ஓய்வுக்குப் பின் திடீரென ஒருநாள் திரும்பி வரும் என்பதும் அவர் கண்டதே. அந்த ஒருநாள் பிள்ளைகள் இரங்கி ஒரு துண்டு பாண் போட்டால் ஆரம்பத்துக்குத்தான் போக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது வட்டமும் நீள்வட்டமும் பற்றிய சோதனை. வட்டம் தெரிந்தால் உணவு உண்டு, நீள்வட்டம் தெரிந்தால் இல்லை என்று ஒரு நாய்க்குப் பழக்கினார்கள். பிறகு நீள்வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்தைப் போலவே ஆக்கினார்கள். அதன் இரு அச்சுகளும் 9க்கு 8 என்ற அளவுக்கு நெருங்கியபோது, அதுவரை சாதுவாக நின்ற நாய் ஊளையிட்டது, துள்ளியது, கருவிகளைக் கடித்தது. முன்பு இலகுவாகப் பிரித்தறிந்ததையும் மறந்தது. அடி ஒன்றுமே விழவில்லை. எது சரி, எது பிழை என்று அறிய முடியாமல் போனதே அதைக் குலைத்தது. இலகுவான வடிவங்களிலிருந்து மறுபடியும் பொறுமையாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

இரவில் ஆள் வந்தால் குரைத்ததற்குச் சோற்றுருண்டை, பகலில் ஆள் வந்தால் குரைத்ததற்குச் சங்கிலியடி. இதுதான் எங்கள் வளவுகளின் வட்டமும் நீள்வட்டமும். அந்த நாய் ஒருநாள் தபால்காரரைக் கடித்தால் நாயைத்தான் குறை சொல்கிறோம்.

எமது ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நாயின் எச்சில் நஜீஸ். பட்ட இடத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும். ஆகவே நாய் வீட்டுக்குள் இல்லை. வயல் வாடியிலும் மாட்டுப்பட்டியிலும் காவலுக்கு நிற்கிறது, யானை வந்தால் முதலில் குரல் கொடுக்கிறது. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட ஹதீஸையும் மத்ரஸாவில் படித்தவர்கள்தான் நாங்கள். பாவ்லோவின் வழிக்குத் தடியும் தேவையில்லை, தடவிக்கொடுப்பதும் கட்டாயமில்லை. சொல்லும் நேரமும் எறிந்து கொடுக்கும் ஒரு கருவாட்டுத் துண்டும் போதும்.

வெடிக்குப் பயந்து ஓடும் அல்லது சீறும் நாய்க்கு, கைத்தொலைபேசியில் வெடிச்சத்தத்தை மிக மெதுவாக, அது பதறாத அளவில் ஒலிக்க விட்டு உடனே தீன் கொடுக்க வேண்டும். நாட்கணக்கில் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். நடுங்கினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். பெருநாள், சித்திரைப் புத்தாண்டு, தேர்தல் வெற்றி என்று வெடி உறுதியான நாட்களில் பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். லெனின்கிராட் நாயைத் தேற்றியதும் அதுதான். சாதுவான நாய் திடீரெனக் குணம் மாறினால் பயிற்சியை விட்டுவிட்டு, அதைத் தொடாமல் அரச கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். நோவாகவும் இருக்கலாம், விசராகவும் இருக்கலாம். கடித்தால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பாவ்லோவும் கெட்ட காலத்தைக் கண்டவர். புரட்சிக்குப் பின் வந்த பஞ்சத்தில் அவரது நாய்கள் பசியால் செத்தன. 1921இல் லெனின் தனி ஆணை பிறப்பித்து அவரது ஆய்வுக்கும் குடும்பத்துக்கும் வசதி செய்து கொடுத்தார். அப்படியிருந்தும் அவர் அரசை வெளிப்படையாகக் கண்டிப்பதை நிறுத்தவில்லை. 1935இல் அவரது நிறுவன வளவில் நாய்க்கென்று ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. அடுத்த வருடம் பெப்ரவரி 27ஆம் திகதி, நியூமோனியாவால் தனது 86ஆவது வயதில் அவர் காலமானார். அந்த நினைவுச்சின்னம் இன்னும் அங்கே இருக்கிறது.