புத்தக அலமாரிக்குப் பின்னால் 25 மாதங்கள்

ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில், கால்வாய்க் கரையோரம் ஓர் அலுவலகம். ஜாம் இறுகுவதற்குச் சேர்க்கும் பெக்டினும், மசாலாச் சரக்குகளும் விற்கும் கம்பெனி. மாடியில் டைப் அடிக்கும் சத்தம். கீழே கிட்டங்கியில் ஆட்கள் நடமாடும் சத்தம். அந்தக் கட்டிடத்தின் பின்கட்டில் 8 பேர் மூச்சுக் காட்டாமல் ஒளிந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஆன் பிராங்க்.

ஆன் 1929 ஜூன் 12-ந் தேதி ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரில் பிறந்தாள். தந்தை ஆட்டோ பிராங்க். தாய் எடித். அக்காள் மார்கட். யூதக் குடும்பம். 1933-ல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும், ஆட்டோ பிராங்க் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்த் தொழில் தொடங்கினார். ஆண்பிள்ளை முன்னே போய் வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு, பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்வது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தானே! 1934-ல் ஆனும் போய்ச் சேர்ந்தாள். புது ஊரின் மொழி அவளுக்குச் சீக்கிரமே வசப்பட்டது.

அவள் படித்தது மாண்டிசோரி பள்ளியில். அந்தக் கல்வி முறையை வகுத்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் ஆலந்திலிருந்து நம் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க் காலத்தை இந்தியாவில் கழித்தார்.

1940 மே மாதம் ஜெர்மன் படை ஆலந்தைப் பிடித்தது. யூதர்கள் டிராமில் ஏறக்கூடாது, சைக்கிள் விடக்கூடாது, சினிமாவுக்குப் போகக்கூடாது. சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் குத்திக்கொள்ள வேண்டும். 1942 ஜூலை 5-ந் தேதி மார்கட்டை முகாம் வேலைக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது. மறுநாள் காலையில், கொட்டும் மழையில் குடும்பமே அலுவலகத்துக்கு வந்தது. பெட்டி தூக்கினால் சந்தேகம் வருமே! ஆகவே, துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டு வந்தார்கள். பிறகு இன்னொரு குடும்பமும் ஒரு பல் டாக்டரும் சேர்ந்தார்கள். பின்கட்டுக்குப் போகும் வழியைப் புத்தக அலமாரி ஒன்று மறைத்தது. அது கதவுபோல் திறக்கும்.

குமாஸ்தாக்களின் துணிச்சல்

இந்த 8 பேரையும் காப்பாற்றியவர்கள் அந்த ஆபீசில் சம்பளம் வாங்கிய சாதாரண ஊழியர்கள். மீப் கீஸ், டைப்பிஸ்ட் பெப், குக்ளர், கிளைமன் ஆகிய நால்வரும் பகலில் கணக்கும் கடிதமும் பார்த்தார்கள்; மற்ற நேரத்தில் ரேஷன் கார்டு, காய்கறி, நூலகப் புத்தகம் என்று தேடி அலைந்தார்கள். மீப் கீசும் பிழைக்க வந்தவர்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு பட்டினியில் மெலிந்து, வியன்னாவிலிருந்து ஆலந்துக்கு அனுப்பப்பட்ட குழந்தை அவர்.

கிட்டங்கி ஆட்கள் பலருக்கு விஷயம் தெரியாது. அதனால் பகலில் குழாய் திறக்கக்கூடாது, கக்கூசில் தண்ணீர் ஊற்றக்கூடாது, இருமக்கூடாது. பிள்ளைகள் படிப்பை மட்டும் விடவில்லை. பெப் தன் பெயரில் தபால் மூலம் சுருக்கெழுத்துப் பாடம் வரவழைத்துக் கொடுத்தார். அதை வைத்து ஆனும் சுருக்கெழுத்துப் பழகினாள்!

13-வது பிறந்த நாளுக்குக் கிடைத்த டைரியில் அவள் தினமும்போல் எழுதினாள். அம்மாவோடு சண்டை, உருளைக்கிழங்கு அலுத்துப்போனது, குண்டு வீச்சுப் பயம், ஒரு பையன் மேல் வந்த பிரியம் எல்லாம் அதில் உண்டு. 1944 மார்ச்சில், போர்க்கால டைரிகளைப் பத்திரப்படுத்தும்படி ஆலந்து மந்திரி ஒருவர் லண்டன் ரேடியோவில் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு தன் டைரியைப் புத்தகமாகத் திருத்தி எழுத ஆரம்பித்தாள்.

மேஜை டிராயரில்

1944 ஆகஸ்டு 4-ந் தேதி போலீஸ் நுழைந்தது. 8 பேரும், குக்ளரும் கிளைமனும் கைதானார்கள். தரையில் சிதறிக் கிடந்த தாள்களை மீப்பும் பெப்பும் பொறுக்கி எடுத்தார்கள். மீப் அவற்றைத் தன் மேஜை டிராயரில் வைத்தார். பணம் கொடுத்தாவது விடுவிக்கலாம் என்று போலீஸ் தலைமையகத்துக்கே போய்ப் பார்த்தார், பலிக்கவில்லை.

எடித் 1945 ஜனவரியில் ஆஷ்விட்ஸ் முகாமில் இறந்தார். மார்கட்டும் ஆனும் பெர்கன்-பெல்சன் முகாமில் டைபஸ் காய்ச்சலில் மாண்டார்கள். ஆனுக்கு அப்போது வயது 15. சில வாரங்களில், ஏப்ரல் 15-ந் தேதி, அந்த முகாம் விடுதலை பெற்றது.

8 பேரில் திரும்பி வந்தவர் ஆட்டோ பிராங்க் ஒருவரே. பெண்கள் இருவரும் இல்லை என்று உறுதியானதும், மீப் டிராயரைத் திறந்து தாள்களை அவர் கையில் கொடுத்தார். அதுவரை அதில் ஒரு வரிகூட அவர் படித்ததில்லை. உதவியவர்கள் பெயரெல்லாம் அதில் இருந்தன. படித்திருந்தால் அப்போதே எரித்திருப்பேன் என்று பின்னாளில் அவர் கூறியதுண்டு.

1947-ல் டைரி புத்தகமாக வந்தது. பிறகு 70-க்கும் மேற்பட்ட மொழிகளில் வெளியாயிற்று. பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். ஆட்டோ பிராங்குக்கு எழுதிய பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். 1980-ல் 91-வது வயதில் இறக்கும் காலம் வரை அவர் பதில் எழுதி வந்தார்.

1960-ல் அந்த வீடு காட்சிக்கூடமாயிற்று. அறைகளில் மேஜை நாற்காலி எதுவும் போடவேண்டாம் என்று ஆட்டோ பிராங்க் சொல்லிவிட்டார். சுவரில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. ஒளிந்திருந்த காலத்தில் மகள்களின் உயரத்தைப் பெற்றோர் குறித்து வைத்தவை. ஆனின் முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடையே 13 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறது.