விரலுக்கு ஏற்ற எழுத்து

பிரான்சு நாட்டில், 1809-ம் ஆண்டு, குதிரைச் சேணம் தைப்பவரின் மகனாகப் பிறந்தார் லூயி பிரெய்ல்.

3 வயதில், தந்தையின் தோல் குத்தும் ஊசியை எடுத்து விளையாடினார். அது கண்ணில் பாய்ந்தது. நாளடைவில் இரு கண்களும் ஒளி இழந்தன.

10 வயதில் பாரிசில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்குள்ள புத்தகங்களில், சாதாரண எழுத்துக்களையே மேடாக அச்சிட்டிருந்தார்கள். தடவிப் படிக்க வெகுநேரம் பிடித்தது.

ராணுவ அதிகாரி பார்பியே, 12 புள்ளிகளால் ஓர் எழுத்து முறை வகுத்திருந்தார். விரல் நுனிக்கு அது அதிகம். பிரெய்ல் அதை 6 புள்ளிகளாகக் குறைத்தார். அப்போது அவருக்கு வயது 15!

பிறகு அதே பள்ளியில் ஆசிரியரானார். 1852-ல், 43 வயதில் காலமானார். பள்ளி அவரது எழுத்தை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1854-ல்தான்.

இன்று தமிழையும் அந்த 6 புள்ளிகளில் விரலால் படிக்கிறார்கள்.