குண்டுவீச்சு விமானம் கட்டக் கிளம்பிய தொழிலதிபர்: யார் இந்த வால்சந்த் ஹிராசந்த்?

ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறும் ஒருவர், வீடு போய்ச் சேர்வதற்குள் கேமில் 1930-களின் குண்டுவீச்சு விமானம் ஒன்றைக் கட்டி முடித்துவிடலாம். இறக்கை, இன்ஜின், குண்டு வைக்கும் அறை என எல்லாமே மெனுவில் ரெடியாக இருக்கும். ஆனால் 1940-ல் இதை நிஜமாகவே இந்தியாவில் செய்யக் கிளம்பினார் ஒருவர். அவரிடம் உள்நாட்டு இன்ஜினும் இல்லை, டிசைனும் இல்லை. அவர்தான் வால்சந்த் ஹிராசந்த்.

யார் இவர்?

1882-ல் சோலாப்பூரில் ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். ரயில்வே கான்ட்ராக்டராகத் தொழிலில் இறங்கினார். 1919-ல் நண்பர்களோடு சேர்ந்து சிந்தியா கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பிரிட்டிஷ் கம்பெனிகள் கோலோச்சிய கடலில், இவர்களின் 'லாயல்டி' கப்பல் மும்பையிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏப்ரல் 5-தான் இன்றும் தேசிய கடல்சார் தினம்.

விமான ஐடியா எப்படி வந்தது?

1939-ல் அமெரிக்கா போனபோது அவர் மனதில் இருந்தது கார் தொழிற்சாலை. திரும்பும் பயணத்தில் வில்லியம் பாலி என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்தியவர் அவர். அந்தப் பேச்சில்தான் திட்டம் உருவானது. மைசூர் சமஸ்தானம் நிலமும் முதலீடும் தர, 1940 டிசம்பரில் பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் பிறந்தது. இன்றைய எச்.ஏ.எல் அதுதான்.

என்னென்ன கட்டத் திட்டம்?

ஹார்லோ பயிற்சி விமானம், கர்டிஸ் ஹாக் போர் விமானம், வல்டீ குண்டுவீச்சு விமானம். மூன்றுமே அமெரிக்க டிசைன்கள். வேலை வேகமாக நடந்தது. எட்டே மாதத்தில், 1941 ஆகஸ்டில், முதல் ஹார்லோ பறந்தது.

எங்கே தடங்கல்?

ஜப்பான் படைகள் பர்மாவுக்குள் நுழைந்ததும் நிலைமை மாறியது. 1942 ஏப்ரலில் வால்சந்த் தரப்பின் பங்குகளை அரசு வாங்கிக்கொண்டது. தான் தொடங்கிய கம்பெனியிலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் வெளியேற வேண்டிய நிலை. 1943-ல் தொழிற்சாலை அமெரிக்க ராணுவத்தின் பொறுப்புக்குப் போனது. குண்டுவீச்சு விமானங்களைத் தொடர்ந்து தயாரிக்கும் கட்டத்தை அது எட்டவே இல்லை. அதற்குப் பதிலாக பி-25 மிட்செல், பி-24 லிபரேட்டர் போன்ற விமானங்களைப் பழுதுபார்த்தது.

அந்த அனுபவம் வீண் போகவில்லை. போருக்குப் பிறகு கான்பூரில் சேதப்படுத்தி விட்டுச் செல்லப்பட்ட சுமார் 40 லிபரேட்டர்களுக்கு எச்.ஏ.எல் ஊழியர்கள் உயிர் கொடுத்தார்கள். இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை பயன்படுத்தியது.

இன்று ஏன் இவரைப் பற்றிப் பேச வேண்டும்?

விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளம், மும்பையில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் என அடுத்தடுத்து தொடங்கிய வால்சந்த், 1953-ல் காலமானார். அதற்கு முன்பே, 1951 ஆகஸ்டில், வி.எம்.காட்கே தலைமையிலான குழு வடிவமைத்த எச்.டி-2 பயிற்சி விமானம் பெங்களூரில் பறந்துவிட்டது.

அடுத்தவர் டிசைனை அசெம்பிள் செய்ய எட்டு மாதம் போதுமானதாக இருந்தது. அங்கிருந்து சொந்த டிசைனில் இன்ஜின் விமானத்தைப் பறக்கவிடப் பத்து வருடம் பிடித்தது. கார்களும் போன்களும் அசெம்பிளி லைனில் நகரும் இந்த வட்டாரத்தில், வல்லம் வடகாலில் சிப்காட்டின் ஏரோஸ்பேஸ் பார்க்கும் வந்திருக்கிறது. இங்கேயும் அந்தப் பத்து வருட வேலை பாக்கி இருக்கிறது.