கன்னங்கராவும் மலைநாட்டுப் பள்ளிக்கூடங்களும்

நூற்றாண்டு மலர் என்றால் ஸ்தாபகர்களையும் அதிபர்களையும் பற்றி எழுதுவதுதான் வழக்கம். அவர்களைப் பற்றி எழுத இம்மலரில் வேறு பலர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது நம் கல்லூரியோடு நேரடித் தொடர்பு ஏதும் இல்லாத ஒருவரை. ஆனால் 1945 ஒக்டோபர் மாதத்துக்குப் பின் இங்கு கற்ற ஒவ்வொருத்தியும் அவருக்குக் கடமைப்பட்டவள். இலவசக் கல்வியின் தந்தை என்று நாம் சமூகக்கல்விப் பாடத்தில் ஒரு வரியில் மனனஞ் செய்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவே அவர்.

கிறிஸ்தோபர் வில்லியம் விஜயகோன் கன்னங்கரா 1884 ஒக்டோபர் 13 ஆந் திகதி அம்பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள ரந்தொம்பையில் பிறந்தார். தந்தையார் நீதிமன்ற உத்தியோகத்தர். வசதியான குடும்பமென்று சொல்ல முடியாது. ஊரிலிருந்த வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்தார். அப்பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்குக் காலி றிச்மண்ட் கல்லூரி அதிபர் வண. டாரல் பிரதம விருந்தினராக வந்திருந்தார். பாடத்துக்குப் பாடம் அதே பையன் மேடையேறி வந்ததைக் கண்ட அவர், இத்தனை புத்தகங்களையும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டுவண்டியல்லவா வேண்டும் என்று வேடிக்கையாகக் கேட்டதாகச் சொல்வார்கள். வேடிக்கையோடு அவர் விட்டுவிடவில்லை. பையனை றிச்மண்டின் புலமைப்பரிசிற் பரீட்சைக்குத் தோற்றச் செய்தார். பையன் சித்தியடைந்தான். படிப்பும் விடுதிச் சாப்பாடும் இலவசமாயின. சில வருடங்களுக்குள் கேம்பிறிட்ஜ் பரீட்சையில் எண்கணிதத்தில் சாம்ராஜ்யம் முழுவதிலும் முதலாவதாக வந்தான். கல்லூரிக் கிரிக்கெட் அணிக்கும் அவனே தலைவன்.

டாரல் அதிகநாள் இருக்கவில்லை. விடுதியில் நெருப்புக்காய்ச்சல் பரவியபோது, நோயுற்ற பிள்ளைகளைப் பராமரிக்கப்போய், தாமும் அதே காய்ச்சலில் 1906 இல் காலமானார். அவர் கண்ணில் அன்றைக்கு அந்தப் பையன் படாமற் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி கன்னங்கராவை வாழ்நாள் முழுவதும் விட்டதாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் அவர் செய்தவற்றை எல்லாம் அந்தக் கேள்விக்குத் தேடிய விடை என்றே நான் வாசிக்கிறேன். ஒரு நல்ல மனிதர் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் இருக்கக்கூடாது.

சிலகாலம் ஆசிரியராக இருந்துவிட்டு, 1910 இல் சட்டத்தரணியாகிக் காலியில் தொழில் நடத்தினார். 1915 கலவரத்தின்பின் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிப் பெயர் பெற்றார். 1923 இல் சட்டசபைக்குப் போனார். டொனமூர் அரசியற் றிட்டத்தின்கீழ் 1931 இல் அரசாங்க சபை கூடியபோது அவர் இலங்கையின் முதற் கல்வி மந்திரி. அதே மந்திரி சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியாக அமர்ந்தவர் அட்டன் தொகுதிப் பிரதிநிதி பெரி. சுந்தரம் என்பதை மலைநாட்டார் நாம் மறப்பதற்கில்லை.

கன்னங்கரா கையேற்ற கல்வித்துறை எப்படி இருந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இளைய தலைமுறைக்கு உதவி நன்கொடை என்ற சொல்லே புதிதாக இருக்கும்.

அக்காலத்தில் அரசாங்கம் தானே நடத்திய பாடசாலைகள் ஒரு பகுதி. மற்றப் பெரும்பகுதி மிஷன்களும், பௌத்த, இந்து, முஸ்லிம் சபைகளும், தனியாரும் நடத்தியவை. இவற்றுக்கு அரசாங்கம் ஆண்டுதோறும் நன்கொடை வழங்கியது. நடத்துபவர் முகாமையாளர் எனப்படுவார். கட்டடம் அவருடையது, தளபாடம் அவருடையது. பிள்ளைகளைச் சேர்த்து, வரவு இடாப்பைச் சரியாக வைத்திருந்து, பரிசோதகர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டபின்தான் பணம் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரீட்சைப் பேற்றின்படி நன்கொடை என்று ஒரு முறையும் இருந்தது. பரிசோதகர் வருடத்துக்கொருமுறை வந்து பிள்ளைகளை வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார். சித்தியடைந்த தலைகளை எண்ணிப் பணம் கணக்கிடப்படும். அன்றைக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாடசாலைக்கு நட்டம். மந்தமான பிள்ளை ஆசிரியருக்குச் சுமை. இந்த முறை பின்னர் கைவிடப்பட்டாலும், பரிசோதகர் வருகிறார் என்றதும் வகுப்பறைச் சுவரெல்லாம் படம் ஒட்டும் பழக்கம் மட்டும் இன்றுவரை போகவில்லை!

இம்முறையால் நன்மை இல்லையென்று சொல்ல வரவில்லை. நம் கல்லூரி உட்பட இந்நாட்டின் பழைய பெண் பாடசாலைகள் பல அந்த நன்கொடையால் நிமிர்ந்தவை. ஆயினும் அதற்குள் ஒரு குறை ஒளிந்திருந்தது. நன்கொடை கேட்பதற்கே முதலில் கொஞ்சம் வைத்திருக்க வேண்டும். கட்டடம் வேண்டும், கணக்கெழுதத் தெரிந்தவர் வேண்டும், ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவர் வேண்டும். இவை இருந்த யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் காலிக்கும் பணம் போனது. இல்லாத இடத்துக்குப் போகவில்லை. இன்றைக்கும் வெளிநாட்டு நிதிக்கு விண்ணப்பம் எழுதும் சங்கங்களைப் பார்த்தால் விஷயம் பெரிதாக மாறிவிட்டதென்று சொல்ல முடியாது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தெரிந்தவர்களுக்கே மறுபடி மறுபடி கிடைக்கிறது.

இன்னொரு பிரிவும் இருந்தது. சிங்களத்திலும் தமிழிலும் படிப்பித்த பாடசாலைகளில் சம்பளம் இல்லை. ஆங்கிலப் பாடசாலைகளில் மாதச் சம்பளம் கட்ட வேண்டும். உத்தியோகமோ ஆங்கிலம் படித்தவர்க்கே. ஆகவே எது இலவசமோ அது எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. எது கொண்டுபோய்ச் சேர்க்குமோ அது இலவசமில்லை. வீட்டில் ஒருவருக்குத்தான் சம்பளம் கட்ட முடியும் என்றால் அந்த ஒருவர் ஆண்பிள்ளையாகவே இருந்தார். நம் கல்லூரியில் முற்காலத்தில் படித்த மூத்த சகோதரிகளைக் கேட்டால், தங்களோடு படித்து இடைநடுவில் நின்றுபோன தோழிகளின் பெயர்களை இன்றும் சொல்வார்கள்.

தோட்டங்களின் கதை வேறு. 1907 ஆம் ஆண்டிலும் பின்னர் 1920 ஆம் ஆண்டிலும் வந்த கல்விக் கட்டளைச் சட்டங்கள், தோட்டத்திலுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பிக்க வேண்டிய பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்தின. ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளையைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு அனுப்பக்கூடாது என்றும் 1920 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பத்து மணிக்குப் பின்? அதைச் சட்டம் சொல்லாமலே விட்டது. இங்கேயும் நன்கொடை உண்டு; ஆனால் முகாமையாளர் துரைதான். பிள்ளையை மலைக்கு அனுப்புவதா பள்ளிக்கு அனுப்புவதா என்று தீர்மானிப்பவரும், பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் கணக்கைக் காட்டி நன்கொடை பெறுபவரும் ஒருவரே. 1927 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நிர்ணயமான குறைந்தபட்சச் சம்பளம் உயர்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். சம்பளப் பட்டியலில் பிள்ளைக்கென ஒரு நிரல் இருந்ததே போதும், பள்ளிக்கூடத்தின் நிலையை விளங்கிக்கொள்ள. லயத்தில் அரிசிக் கடனோடு இருக்கும் தாய்க்கு அந்த 32 சதம் சிறு தொகையல்ல.

பள்ளிக்கூடம் என்பது ஓர் அறை. சில இடங்களில் அதுவும் இல்லை, கோயில் விறாந்தையோ பிள்ளைக் காம்பராவின் ஒரு மூலையோதான். ஆசிரியர் ஒருவர், ஐந்து வகுப்பும் அவருக்கே. அவரிற் பலர் தோட்டத்துக் கடிதங்களை எழுதியும் வாசித்தும் கொடுத்து, காமன் கூத்துக்கும் தேவாரத்துக்கும் முன்னின்று, அந்த லயங்களில் எழுத்து என்ற ஒன்று செத்துப் போகாமல் காத்தவர்கள். அவர்களைப் பற்றித் தனியே ஒரு மலர் போடலாம்.

இனி கன்னங்கராவிடம் வருவோம். 1936 இல் மத்துகமைத் தொகுதியிலிருந்து தெரிவாகி மீண்டும் கல்வி மந்திரியானார். 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் அவர் காலத்தது. கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகளைத் திறக்கத் தொடங்கினார். அவர் பதவி விடும்போது அவை 54. பட்டணத்துப் பெரிய கல்லூரிகளில் உள்ள ஆய்வுகூடமும் நூலகமும் விடுதியும் அங்கே இருந்தன. ஐந்தாந்தரப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசிற் பரீட்சை வைத்து, கெட்டிக்காரப் பிள்ளைகளை அவ்விடுதிகளுக்கு எடுத்தார். இன்று தாய்மார் தூக்கமில்லாமல் பிள்ளைகளை விரட்டும் அதே ஐந்தாந்தரப் புலமைப்பரிசில்தான். ரந்தொம்பைப் பையனுக்கு டாரல் செய்ததை அரசாங்கம் செய்யத் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்ததும் அவர் மந்திரியாக இருக்கும்போதே.

அவர் தலைமையில் அமைந்த விசேட கல்விக்குழு 1943 இல் அறிக்கையை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம். ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழி. 1944 இல் அரசாங்க சபையில் வாதம் நடந்தது. எதிர்ப்புக்குக் குறைவில்லை. பணம் எங்கிருந்து வரும் என்று சிலர் கேட்டனர். சம்பளம் வாங்கி நடத்திய மதச்சபைக் கல்லூரிகள், தம் சுதந்திரம் போய்விடும் என்று அஞ்சின. அந்த அச்சம் முற்றிலும் பொய்யென்று சொல்ல மாட்டேன். 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் பெரும்பாலான நன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கம் சுவீகரித்தபோது அது ஓரளவு மெய்யாயிற்று. ஆனாலும் எதிர்த்தவர்களின் பிள்ளைகளுக்கு எப்படியும் படிப்புக் கிடைத்திருக்கும். எதிர்க்க வழியற்றவர்களின் பிள்ளைகளுக்காகவே கன்னங்கரா பேசினார். 1945 ஒக்டோபர் முதலாந் திகதி திட்டம் நடைமுறைக்கு வந்தது. சம்பளம் வாங்கும் பாடசாலைக்கு நன்கொடை இல்லை. நன்கொடை வேண்டுமாயின் சம்பளத்தை விட வேண்டும். முடிவெடுக்கக் கொடுத்த தவணை பலமுறை நீட்டப்பட்டது.

நாடெங்கும் பெண்பிள்ளைகள் மேல்வகுப்புகளை நிறைத்தார்கள். இந்தப் பகுதிக் கடைக்காரர்கள், கிளாக்கர்மார், கணக்கப்பிள்ளைமாரின் மகள்மார் அட்டனிலும் நுவரெலியாவிலும் தொடர்ந்து படித்ததும், பேராதனைக்குப் போனதும் அதன் பலனே. ஆனால் லயத்துப் பிள்ளைக்கு? பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் ஐந்தாந்தரத்துக்கு மேல் போகவில்லை. மேலே படிக்க இலவசமாக இடம் உண்டு; அங்கே போய்ச்சேரப் படியில்லை. 1947 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், பாடசாலைக்கும் ஆசிரியர் விடுதிக்கும் விளையாட்டிடத்துக்கும் தோட்டச் சொந்தக்காரரே இடங்கொடுத்துக் கட்ட வேண்டும், படிப்பிப்பது அரசாங்கத்தின் பொறுப்பு என்று வகுத்தது. நல்ல ஏற்பாடுதான். ஏட்டுச் சுரைக்காயாக முடிந்தது.

அதற்கான காரணத்தைக் கன்னங்கராவின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. அதே 1947 இல் நடந்த பொதுத்தேர்தலில் அவர் மத்துகமையில் தோற்றார். அத்தேர்தலில்தான் நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமானும் தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும் பாராளுமன்றம் சென்றார்கள். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டு வாக்குரிமை இழப்பும் வந்தபின் தோட்டப் பிள்ளைக்காகச் சட்டசபையில் விரல் நீட்ட ஆளில்லாமற் போயிற்று. வாக்கில்லாதவரின் பள்ளிக்கூடத்தை யார் தேடி வருவார்? ஆயினும், பதினாறு வருடம் கல்வி மந்திரியாக இருந்தவர் மத்திய பாடசாலைக்குக் காட்டிய வேகத்தில் பாதியைத் தோட்டத்துக்குக் காட்டியிருந்தால் என்று ஏங்காமல் இருக்க முடியவில்லை. பாராட்டு மலரில் இப்படி எழுதலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நம் சகோதரிகளில் பலரின் பாட்டிமார் கைநாட்டு வைத்தவர்கள். அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

பின்னாளில் இந்தோனேசியாவுக்குத் தூதுவராகப் போய்வந்தார். 1952 இல் அகலவத்தையிலிருந்து பாராளுமன்றம் சென்று உள்ளூராட்சி மந்திரியானார். கல்வி அமைச்சு மறுபடி அவர் கைக்கு வரவில்லை. 1956 இல் அரசியலை விட்டு ஒதுங்கியபோது கையில் பணமில்லை. காலியில் நன்றாக உழைத்த சட்டத்தரணி, அரசியலில் சொத்துச் சேர்க்கத் தெரியாதவர். 1963 இல் அரசாங்கம் அவருக்கு ஒரேதடவை உதவியாக 10,000 ரூபா வழங்கியது. 1965 இல் மாதம் 500 ரூபா கொடுப்பனவு. மருத்துவச் செலவுக்காகப் பின்னர் 1,000 ஆக்கப்பட்டது. புலமைப்பரிசிலில் படித்தவர் உதவிப்பணத்தில் முதுமையைக் கழித்தார். 1969 செப்டெம்பர் 23 இல் மறைந்தார்.

அவர் மறைந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் கையில்தான் இருந்தன. தோட்டங்கள் அரசுடைமையானபின், 1970 களின் பிற்பகுதியிலிருந்தே அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. கட்டடமும் பயிற்சியும் கொடுக்கப் பணம் வெளியே இருந்து வந்தது. 1980 களில் சுவீடனின் சீடா நிறுவனம் தோட்டப் பாடசாலை அபிவிருத்திக்கு உதவியது. ஜேர்மனியின் ஜீ.ரீ.இஸட். உதவியோடு கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. தோட்டத்தில் பிறந்த பெண்கள் அங்கே ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தம் தோட்டத்துப் பாடசாலைகளுக்கே திரும்பி வருகிறார்கள். ஒரு காலத்தில் துரை இடாப்பில் கையெழுத்திட்ட அதே பாடசாலைகள் சிலவற்றில் இன்று அதிபராக இருப்பவள் கொழுந்து பறித்தவளின் மகள்.